தாலாட்டுப் பக்கம்

ஆட்டோ தெருமுனை திரும்பிய சத்தம் கேட்டாயிற்று, வீடு காலி, இனி என்னைக் கேட்க ஆளில்லை, எழுந்து போய் இசைத்தட்டை எடுக்க வேண்டியதுதான், எடுக்காமல் இன்னும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு பொழுதுக்காகத்தானே இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. உலகு வாசலில் செருப்பை மாட்டும்போதே திரும்பி, "கேட்டியளா, நாங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அதப் போட்டுராதீய. பிள்ளத்தாச்சி இருக்கிற வீடு" என்றாள். என் மனைவிக்கு உலகம்மாள் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், உலகத்தில் உள்ள அத்தனை சாஸ்திரமும் அவளிடம் இருக்கிறது. மகள் பிருந்தா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவதிலேயே கவனமாக இருந்தாள். எட்டாம் மாதம். பாளையங்கோட்டை டாக்டரம்மாவிடம் இன்றைக்கு ஸ்கேன். நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன், "நீங்க ஒண்ணும் வரவேண்டாம், போன தடவ அங்க நின்ன நெல மறந்து போச்சா" என்று உலகு சொல்லிவிட்டாள், சட்டையோடு நின்றவன் சட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். பெற்ற மகளுக்கு ஸ்கேன், அப்பன் வீட்டுக்குக் காவல். போன தடவை என்ற பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எனக்கு வாயடைக்க வேண்டுமென்றால் மட்டும் அவளே அதை மீறிக்கொள்வாள். சரி, போகட்டும். வீடு காலி, அதுதான் இப்போது விஷயம்.

தட்டு மேஜை மேல்தான் இருக்கிறது. பழுப்பு அட்டை, கறுப்பு எழுத்து, படம் கிடையாது. 'ஆற்றங்கரைப் பாடல்கள். முதல் பக்கம் தாலாட்டு. இரண்டாம் பக்கம் ஒப்பாரி. பாடியவர்கள்: கிராமத்துப் பெண்கள்.' அவ்வளவுதான். பிறப்பிலிருந்து இறப்பு வரைக்கும் ஒரே தட்டில் அடக்கிவிட்டோம் என்று எவனோ ஒரு படித்தவன் காலரைத் தூக்கிவிட்டிருப்பான், பாடினவளுக்கு ஒரு பெயர் இருக்குமே அதைக் கேட்டு எழுதுவோம் என்று தோன்றவில்லை. ஆனாலும் இது அசல் சரக்கு. என் பீரோ நிறைய நாட்டுப்புறப் பாட்டு இசைத்தட்டுகள் இருக்கின்றன, எடுத்துப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். அட்டையில் உதட்டுச்சாயம் பூசிய ஒருத்தி இடுப்பில் குடத்தோடு நிற்பாள், அந்தக் குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது, இடுப்பைப் பார்த்தாலே தெரியும். உள்ளே ஊசியை வைத்தால் வயலின் கூட்டமாக இழையும், பட்டணத்துப் பாடகி ழகரத்தை அளந்து வைத்து நாற்று நடுவாள், சேற்றில் கால் வைத்த குரலா அது. நான் தேடினது வெறும் தொண்டை. வாத்தியம் வேண்டாம், அழகு வேண்டாம், மூச்சு வாங்கினால் மூச்சு வாங்கட்டும், நடுவில் ஒருத்தி இருமினால் இருமட்டும். அப்படி ஒரு தட்டு உண்டு, ஒரு பக்கம் முழுக்க ஒப்பாரியே இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு எத்தனை ஊர் மைக்செட் கடைகளில் தூசியைத் தின்றிருக்கிறேன். கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் ஞானதிரவியம். எங்கே போய்ச் சொல்ல. வண்ணாரப்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், நல்ல மனுஷன், ஆனால் அவரிடம் ஓடுகிற பிளேயர் ஒன்றுகூடக் கிடையாது. தட்டுகளை வாங்குவார், துடைப்பார், பிளாஸ்டிக் உறை போடுவார், அடுக்குவார். கேட்க மாட்டார். "கேட்டா தேஞ்சிரும்லா அண்ணாச்சி" என்பார். பூட்டிப்போட்ட ஒரு மைக்செட் கடையை ஒழிக்கும்போது மொத்தமாக அள்ளி வந்ததில் இது இருந்ததாம். என்னிடம் இருக்கிற வில்லுப்பாட்டுத் தட்டுப் பெட்டியைக் கொடுத்தால் இதைத் தருவார், தட்டுக்குத் தட்டு. "போட்டுப் பாருங்க, புதன்கெழம சாயந்தரம் வாறேன், ஆகும்னா வில்லுப்பாட்டக் குடுங்க, ஆகாதுன்னா இதக் குடுங்க. மதுரக்காரர் ஒருத்தர் தெனமும் போனு போட்டு அரிக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்குத்தான் புதன்கிழமை.

கேட்காமல் எப்படிக் கொடுப்பது. எடையளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். கல்லைத் தராசுத் தட்டில் வைக்காமல் ஒரு கடைக்காரனுக்கும் முத்திரை போட்டது கிடையாது, ஐயா சாப்பிடுங்க ஐயா என்று கலர் சோடா உடைத்துக் கொடுப்பான், கல்லை வை அப்புறம் கலரை உடை என்பேன். அப்படிப்பட்டவன் அட்டையைப் பார்த்து ஆகா என்று வில்லுப்பாட்டைத் தூக்கிக் கொடுப்பேனா. ஆனால் இந்த வீட்டில் அந்தத் தட்டை உறையை விட்டு வெளியே எடுப்பதற்குக்கூட வழியில்லை. ஒப்பாரி என்ற எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் உலகு அதை முதலில் வீட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னாள். ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தால் வெயிலில் வளைந்துவிடும் என்று மன்றாடி உள்ளே கொண்டுவந்தேன். சரி, முதல் பக்கமாவது போடட்டுமா, தாலாட்டுதானே என்று கேட்டேன், "முதுகுல அது ஒட்டிக்கிட்டுல்லா இருக்கு" என்றாள். உயிரோடு ஆள் இருக்கிற வீட்டில் ஒப்பாரி போட்டால் சாவு வரும் என்றால் இந்நேரம் அந்த ஒலிப்பதிவு நிலையத்தில் ஒருவனும் மிஞ்சியிருக்கக் கூடாதே. நான் எழுந்துவிட்டேன், நல்லது. உறையிலிருந்து எடுத்தாயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். இரண்டாம் பக்கம் கண்ணாடி, ஊசி பட்ட அடையாளமே இல்லை, உலகுவைப் போலவே எல்லாரும் ஒப்பாரிக்குப் பயந்து செத்திருக்கிறார்கள். முதல் பக்கமும் புதுசுதான், ஆரம்பத்தில் மட்டும் சாய்வாக ஒரு கீறல். எவனோ ஊசியை வைத்து ஒரு வரி பாடுவதற்குள் வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறான். தாலாட்டில் என்ன அவசரம் உனக்கு, மடையா, பிள்ளை முழித்துக்கொண்டதா? இந்தக் கீறலைச் சொல்லி ஞானதிரவியத்திடம் கொஞ்சம் பிகு பண்ணலாம். துணியால் துடைத்து, தட்டைச் சுழல்மேடையில் வைத்து, ஒப்பாரிப் பக்கம் மேலே இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை எழுத்தைப் பார்த்து, ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போடுகிறேன், சிவப்பு விளக்கு எரிகிறது, ஊசிக்கையைத் தூக்குகிறேன், கரண்ட் போய்விட்டது.

இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா. காற்றாடி ஓடுகிறது, விளக்கு எரியும், இன்வெர்ட்டருக்கு அவை மட்டும்தான். பிளக்குக்கு இணைப்பு வேண்டாம், பிள்ளை பெற வருகிற வீட்டில் காற்றாடி நின்றுவிடக் கூடாது என்று உலகு எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள். மின்வாரியத்துக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தட்டு பாதிச் சுற்றில் நின்றுவிட்டது, இரண்டாம் பக்கம் என்ற எழுத்து தலைகீழாக என்னையே பார்க்கிறது. இந்நேரம் டாக்டரம்மா அறைக்கு வெளியே அந்த நீல பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உலகு வெள்ளைத் துவாலையை மடியில் வைத்திருப்பாள், ஜெல்லைத் துடைக்க. போன தடவை, அவளுடைய முதல் பிள்ளைக்கு, துவாலை கொண்டுபோக மறந்து என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அந்த மெஷினில் ஒரு ஒலிபெருக்கி உண்டு, அதற்கு முந்தின மாதம் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு வாசல் வரை கேட்டது, அன்றைக்கு டாக்டரம்மா அந்தக் கருவியை வயிற்றில் இங்கே வைத்தார், அங்கே வைத்தார், ஒருக்களித்துப் படும்மா என்றார், வெறும் இரைச்சல், இசைத்தட்டில் ஊசி கடைசிக் கோட்டுக்கு வந்தபிறகு வருமே அந்த இரைச்சல். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த மெஷினை எப்போது சோதித்தார்கள், யார் சோதித்தது, சான்றிதழ் எங்கே, வேறு மெஷின் கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். வேறு மெஷினும் கொண்டுவந்து வைத்தார்கள். அதிலும் அதே இரைச்சல்தான். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. இன்றைக்கு நான் வராமல் இருப்பது நல்லதுதான், உலகு சொல்வது சரிதான், சரியாகவே இருந்து தொலைகிறாளே எப்போதும், அதுதான் எனக்கு ஆத்திரம்.

பெண் குழந்தை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள், எடை இருந்தது, நல்ல எடை, என் கை பொய் சொல்லாது. நானும் மருமகனும் வண்டியில் போனோம், திரும்பி வந்து குளித்தோம், சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். மூச்சு விடாத பிள்ளைக்கு அழக் கூடாது, அழுதால் அடுத்தது தங்காது என்று உலகுவின் அக்கா வந்து சொன்னாள், அவ்வளவுதான், வீடு வாயை மூடிக்கொண்டது. பிருந்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம்கூட இல்லை. தொட்டிலுக்கு எடுத்து வைத்திருந்த சேலை பீரோவுக்குள் திரும்பப் போயிற்று. பிள்ளைக்குத் தேய்க்க உலகு தேங்காயெண்ணெய் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தாள், அதை என்ன செய்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. எதிர்வீட்டுக் கிழவர் போனபோது தெரு முழுக்க வந்து நின்று அழுதது, கிழவரைக் கண்டால் ஆகாது என்று இருந்தவர்கள்கூட மார்பில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைக்கு ஒரு முணுமுணுப்பு இல்லை. பெயர் இல்லை, அழ ஆள் இல்லை, அட்டையில் போட்டிருக்கிறானே கிராமத்துப் பெண்கள் என்று, அவர்களுக்காவது அந்த அளவுக்கு ஒரு எழுத்து கிடைத்தது. சரி, நான் எதற்கு இதையெல்லாம் நினைக்கிறேன். நினைக்காதே என்றால் அதைத்தான் நினைக்கும் இந்த மண்டை. மாற்றுச் சரக்கைச் சரிபார்க்க வேண்டும், ஞானதிரவியம் வந்துவிடுவார், அதற்குத்தான் கேட்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

கரண்ட் வந்துவிட்டது, சிவப்பு விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது. ஊசிக்கையைத் தூக்கிக் கொண்டுபோய்த் தட்டின் விளிம்புக்கு மேலே பிடித்திருக்கிறேன். இறக்கு. இறக்க வேண்டியதுதானே. கரண்ட் இல்லை என்று இவ்வளவு நேரம் சபித்தவன், இப்போது இருக்கிறதே, இறக்கேன். இந்நேரம் அவளை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். ஜெல்லைத் தடவியிருப்பார்கள். நான் இங்கே ஊசியை இறக்குகிற நொடியில் அங்கே அந்தக் கருவியை வயிற்றில் வைத்தால்? சீ, என்ன புத்தி இது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு இருக்கிறது, பாலம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஒலி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாதா. உலகு நம்பலாம், அவள் அக்கா நம்பலாம், நான் இத்தனை வருஷம் அரசாங்கத்தில் அளவு பார்த்தவன். கை இறங்கவில்லை. இப்படியே பிடித்திருந்தால் ஊசி நழுவி விழுந்து கீறிவிடும், பிறகு மாற்றும் இல்லை மண்ணும் இல்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உலகு மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள்தான் வீட்டிலேயே இல்லையே. இந்தத் தட்டைக் கேட்க விடாமல் என்னைத் தடுக்கிறவன் நான்தான், என் கழுத்தை நானேதான் பிடித்திருக்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. தட்டு சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தட்டை மட்டும் ஓடவிட்டால் ஊசியே பாடும். கொசு அளவுக்குத்தான் வரும், ஆனால் வரும். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் அது போட்டதாகக் கணக்காகுமா? வீட்டில் ஒலித்ததாக ஆகாதே. இப்படி ஒரு சால்ஜாப்பை ஒரு கடைக்காரன் என்னிடம் சொல்லியிருந்தால் தராசையே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். சிவப்பு விளக்கை அணைத்தேன். காற்றாடியையும் நிறுத்தினேன். மண்டி போட்டு, மேஜை விளிம்பில் மோவாயை வைத்து, காதை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு இறக்கினேன். முதலில் சரசரப்பு. பிறகு ஒரு குரல். பெண் குரல். சொல் ஒன்றும் பிடிபடவில்லை, மோட்டார் இரைச்சலும் என் மூச்சும்தான் பெரிதாகக் கேட்கிறது, ஆனால் அந்தக் குரல் ஏறி, ஏறின இடத்தில் நின்று, ஒரு இழுப்பு இழுத்து இறங்குகிறது. வாத்தியம் இல்லை. வெறும் தொண்டை. அசல், அசல். ஒவ்வொரு இறக்கத்திலும் அவள் யாரையோ கூப்பிடுகிறாள், வராத ஆளைக் கூப்பிடுகிறாள், எனக்குத் தெரிகிறது, சொல் எதற்கு, இந்த இழுப்பு ஒன்று போதாதா ஒப்பாரி என்று சொல்ல. வேர்வை கண்ணுக்குள் போகிறது. வேர்வை இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போன நாளிலெல்லாம் யார் முன்னாலும் கண் கலங்காத மனுஷன், ஊசி நடுவுக்கு வரும்வரை முட்டி வலிக்க அப்படியே கிடந்து அழுதேன்.

எழுந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது. கேட்டுவிட்டாயே, பாவி. போடாதே என்று அவள் அத்தனை சொல்லிவிட்டுப் போனாளே. ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் என்ன, பாடினது பாடினதுதானே. அழ வேறு செய்தாய். போன் வரவில்லை. ஸ்கேன் முடிந்து இந்நேரம் வந்திருக்க வேண்டும், நன்றாக இருந்தால் உடனே போட்டிருப்பார்கள், நன்றாக இல்லாவிட்டால்தான் வீட்டுக்கு வந்து சொல்லுவோம் என்று இருப்பார்கள். உலகுவின் நம்பருக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு அப்பால். பிருந்தாவுக்கு அடிக்க விரல் போனது, வேண்டாம், அவள் எடுத்து அழுதால்? கையிலேயே போன் அடித்தது, பதறி எடுத்தால் ஒரு பெண் வீட்டுக்கடன் வேண்டுமா சார் என்கிறாள். அவளைத் திட்டினேன், பாவம், என்னவெல்லாமோ திட்டினேன். தட்டை உறைக்குள் போட்டு அட்டையில் செருகி பீரோவின் அடியில் வைத்தேன், பிறகு ஒளித்து வைத்தது போல இருக்கிறதே என்று திரும்ப மேஜைக்கு எடுத்து வந்தேன். சாமி அலமாரி முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அது கணக்கில் இல்லை, ஒலிபெருக்கி இல்லாமல்தான் கேட்டேன் என்று சாமியிடமும் சால்ஜாப்பு சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஆட்டோ சத்தம். வாசலுக்கு ஓடக் கூடாது, நடந்து போ, நடந்து போனேன். பிருந்தா முதலில் இறங்கினாள், முகத்தைப் பார்த்தேன், சிரிக்கிறாள், சிரிக்கிறாள். "எப்பா, சத்தம் கேட்டேன்ப்பா, குதிர ஓடுற மாதிரி டக் டக்குனு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்கிறாள். "போன்ல சொன்னா என்ன கொறஞ்சா போவிய" என்று கத்தினேன், அவ்வளவுதான் வந்தது. "அம்மா போன்ல சார்ஜ் இல்ல, எம் போன வீட்லயே வச்சிட்டுப் போய்ட்டேன்" என்கிறாள். நான் அடித்திருந்தால் பக்கத்து அறையில்தான் அடித்திருக்கும். உலகு வாழைப்பழச் சீப்பைக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாத திருநாளாகச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகமே இளகிப் போயிருக்கிறது. மேஜையில் தட்டைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன். "என்னமோ தாலாட்டு இருக்குன்னியள்லா, அதப் போடுங்களேன், பிள்ளையும் கேக்கட்டும். அந்தப் பக்கத்த மட்டும் போட்டுராதீய" என்றாள். எத்தனை நாள் காத்திருந்தேன் இந்த வார்த்தைக்கு, காரியம் எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறாள். முதல் பக்கம் என்ற எழுத்தை அவளிடமே காட்டினேன், பார்த்துக்கொள், பின்னால் என்னைச் சொல்லாதே. சிவப்பு விளக்கு. சத்தத்தைத் தாராளமாகவே வைத்தேன். அந்தக் கீறல் இரண்டு முறை டக்கென்றது. பிறகு வந்தது.

"எண்ணெ காச்சி வச்சேனே, ஏ ராசாத்தி, தேச்சு விடத் தலையெங்கே." ஒருத்தி எடுத்துக் கொடுக்க, பின்னால் ஒரு கூட்டம் ஓவென்று விழுகிறது. "தொட்டி கட்ட மரம் பாத்தேன், ஏ ராசாத்தி, தூக்கி வைக்கப் பிள்ளையெங்கே." எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாக ஓடியது. லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறான் தட்டு அடித்தவன். தாலாட்டு என்று நம்பி எந்த ஊரிலோ பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வீட்டில் மைக்செட்காரன் இதைப் போட்டிருக்கிறான், ஒரு வரி கேட்டதும் அடி விழுவதற்குள் ஊசியைப் பிடுங்கியிருக்கிறான், அதுதான் கீறல். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தையும் எவனும் வைக்கவில்லை, ஒப்பாரி என்று எழுதின அந்தப் பக்கத்தையும் எவனும் வைக்கவில்லை, தட்டு புதுசாகவே கிடந்திருக்கிறது. அப்படியானால் நான் மண்டி போட்டுக் கேட்டு அழுதது தாலாட்டு. முத்திரையைப் பார்த்து ஏமாந்தேன், சரக்கைப் பார்க்கவில்லை. உலகு "அய்யய்யோ, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று எழுந்தேவிட்டாள். நானும் பாய்ந்து ஊசிக்கையில் கை வைத்தேன், பிடுங்கியிருப்பேன், இன்னொரு கீறல் விழுந்திருக்கும். பிருந்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எப்போது எழுந்து வந்தாள் என்றே தெரியவில்லை. "இருக்கட்டும்ப்பா" என்றாள். "வயித்துல உள்ள பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது, இப்பத்தான் கேட்டுட்டு வந்தேன். இது மூத்தவளுக்கு. பாடட்டும்." அவள் கை சில்லென்றிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முதுகைச் சோபாவில் சாய்த்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து அழுதாள். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. உலகு விடுவிடுவென்று போனாள், பிளக்கைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தேன். தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள். அடுத்த ஜன்னலையும் சாத்தினாள். தட்டில் அந்தப் பெண் மறுபடியும் எண்ணெய்க்கு வந்தாள், எண்ணெ காச்சி வச்சேனே என்று. உலகு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றவள், "அந்தப் பாட்டில நான் ஆத்துல கொண்டு விட்டேன் பிருந்தா, மூடியோட விட்டேன்" என்றாள். வந்து மகள் பக்கத்தில் சரிந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தட்டில் பாடுகிறவளோடு சேர்ந்து குரல் எடுத்தாள். இவளுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வாசல் மணி அடித்தது. அறையைக் கடந்து போய்க் கதவைத் திறந்தேன். ஞானதிரவியம். வில்லுப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோகப் பெரிய துணிப்பை ஒன்று கையில். உள்ளேயிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுப் படியிலேயே நின்றுவிட்டார். தன் தட்டை ஒருநாளும் கேட்காத மனுஷன், அதுதான் இது என்று அவருக்கு எப்படித் தெரியும். செருப்பைக் கழற்றினார். முகம் செத்துப் போயிற்று.

"அண்ணாச்சி, என்ன அண்ணாச்சி இது? யாருக்கு என்ன?"

ஒண்ணுமில்ல வே, உம்ம தட்டுதான் பாடுது, கீறல் ஒண்ணு இருக்கு பாத்தீரா என்று சொல்ல வேண்டியதுதான். நாக்கு நுனி வரை வந்தது.

"எம் பேத்தி" என்றேன்.

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியேறி வந்து என் பக்கத்தில் சுவரோரமாக நின்றார். உள்ளே பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.